ஃபார்ச்சூன் குக்கி: வீட்டுத் தயாரிப்பு

ஃபார்ச்சூன் குக்கி என்பது முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, மைதா, வெண்ணெய் ஆகியவற்றைக் கரைத்து மெல்லிய வட்டமாகச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் நடுவே ஒரு துண்டுச் சீட்டை வைத்து இருமுறை மடித்துச் செய்யும் மொறுமொறுப்பான தின்பண்டம். அதை உடைத்து, உள்ளே இருக்கும் சீட்டைப் படித்துவிட்டுத் தின்பது வழக்கம். அமெரிக்காவிலுள்ள சீன உணவகங்களில் சாப்பாடு முடிந்ததும் பில்லோடு சேர்த்து இது தரப்படுகிறது. ஆயினும் இது சீனப் பண்டம் அல்ல. ஜப்பானில் தோன்றி, கலிபோர்னியாவில் இனிப்பேறி, போர்க்காலத்தில் சீனர் கைக்கு மாறியது. புதுச்சேரியில் இது பேக்கரிப் பண்டமாக வேரூன்றவில்லை. நகரிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் ரெட்டியார்பாளையத்தைத் தாண்டி வரும் மூலக்குளம் போன்ற குடியிருப்புப் பகுதிகளில், ஓடிஜி அடுப்பு வைத்திருக்கும் வீடுகளில் செய்து பார்க்கத்தக்க பண்டம் என்ற அளவிலேயே இதைக் கொள்ள வேண்டும். கீழே தரப்படும் செய்முறையும் அத்தகைய சமையலறையையும் கடலோரக் காற்றையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளது.

வகைப்பாடு

இப்பண்டத்தை வகைப்படுத்தும்போது மாவின் கிளையையும் சீட்டின் கிளையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் பல நாடுகளில் தனித்தனியே வளர்ந்தவை.

மாவின் கிளையில், நீர்த்த இனிப்பு மாவைச் சூடான இரும்பில் மெல்லிதாகச் சுட்டு, வளையும் பதத்திலேயே சுருட்டியோ மடித்தோ விடும் பண்டங்கள் அடங்கும். பிரான்சில் இடைக்காலம் தொட்டு ஊப்ளி என்ற தகட்டை நீண்ட பிடியுள்ள இரும்பு இடுக்கியில் சுட்டார்கள். பாரிஸ் தெருக்களில் அதைச் சுமந்து விற்றவர்கள் வாங்குபவரைப் பகடை உருட்டவும், பெட்டியின் மூடியில் பொருத்திய சக்கரத்தைச் சுழற்றவும் விட்டு, விழும் எண்ணுக்கு ஏற்பத் தகடுகளைத் தந்தார்கள். தின்பண்டத்தோடு அதிர்ஷ்டத்தையும் சேர்த்து விற்கும் தந்திரம் அமெரிக்கர் கண்டுபிடித்தது அல்ல என்பதற்கு இதுவே போதும். இன்றும் பிரெஞ்சு முறை பேக்கரிகளில் செய்யப்படும் துயில் என்ற ஓட்டுவடிவ பிஸ்கட்டின் மாவும் ஃபார்ச்சூன் குக்கியின் மாவும் ஏறத்தாழ ஒன்றே. துயிலைச் சூட்டோடு உருளைக் கட்டைமேல் போர்த்துவார்கள், குக்கியை மடிப்பார்கள், வேறுபாடு அவ்வளவுதான். ஐஸ்கிரீம் கடைகளில் கிடைக்கும் சர்க்கரைக் கோனும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் இக்கிளையின் இன்னொரு பண்டத்தை நன்கு அறிவார்கள். அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை கலந்த மாவை அச்சு வெட்டிய இரும்பு இடுக்கியில் கரித்தணலில் சுட்டு, கால் வட்டமாக மடித்துத் தகரப் பெட்டியில் அடைப்பார்கள். மலாய் மொழியில் கூய் கப்பிட் எனவும், பேச்சு வழக்கில் லவ் லெட்டர் எனவும் வழங்கும் அது சீனப் புத்தாண்டுப் பலகாரம். காதலர்கள் அதற்குள் சீட்டு வைத்து அனுப்பினார்கள் என்பது பெயரை வைத்துக் கட்டிய கதை.

நம்மூர் அச்சு முறுக்கை இந்த இனத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. அது பொருந்தாது. அச்சு முறுக்கு அச்சில் ஒட்டி எண்ணெயில் வேகிறது. சுட்டபின் வளைக்கும் வேலையே அதில் இல்லை.

சீட்டின் கிளை தமிழ்நாட்டில் மிகச் செழிப்பானது. கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லும் பூக்கட்டிப் பார்த்தல் இன்றும் கல்யாணப் பேச்சுகளில் நடக்கிறது. ஏட்டுக்கட்டில் கயிற்றைச் செருகி, அது விழுந்த ஏட்டிலுள்ள திருமுறைப் பாடலைப் பலனாகக் கொள்ளும் கயிறு சாத்துதல் சைவரிடையே இருந்து வந்தது. கூண்டுக் கிளி அட்டையை உருவித் தரும் கிளி ஜோசியம் கோயில் வாசல்களிலும் திருவிழாக்களிலும் பரவலாக இருந்தது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி கிளி வளர்ப்பதற்குத் தடை இருப்பதால் அது தேய்ந்து வருகிறது.

ஆனால் ஃபார்ச்சூன் குக்கிக்கு மிக நெருங்கிய உறவு இவை எதுவும் அல்ல. ரயில் நிலையத்து எடை இயந்திரம்தான். காசைப் போட்டதும் விளக்குகள் மின்னி, சக்கரம் சுழன்று, கெட்டி அட்டைச் சீட்டு ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் குணபலன். சிலவற்றில் சினிமா நட்சத்திரத்தின் படமும் இருக்கும். பலன் சொல்ல இடையில் ஆள் கிடையாது, வேறொன்றுக்குக் கொடுத்த காசோடு பலன் இலவசமாக வருகிறது, கெட்டதை எப்போதும் சொல்வதில்லை. குக்கியின் சீட்டுக்கும் இந்த மூன்று இலக்கணங்களும் அப்படியே பொருந்தும்.

தோற்றம்

இதன் மூதாதை ஜப்பானின் ட்சுஜியுரா செம்பே. கியோட்டோ நகரின் தெற்கே ஃபுஷிமி இனாரி ஆலயத்தை ஒட்டிய குடும்பக் கடைகளில் அது இன்றும் சுடப்படுகிறது. அமெரிக்கக் குக்கியைவிடச் சற்றுப் பெரியது, நிறத்தில் கருத்தது. வெனிலாவும் வெண்ணெயும் கிடையாது, எள்ளும் மிசோ என்ற புளித்த சோயா விழுதும் சுவை தருகின்றன. சீட்டு உள்ளறைக்குள் இராமல் மடிப்பின் வெளிப்புறத்தில் செருகப்பட்டிருக்கும். தின்பவர் தவறிச் சீட்டை விழுங்கிவிடாதிருக்க இது நல்ல ஏற்பாடு. அமெரிக்கா இதைக் கைவிட்டது ஏன் என்று விளங்கவில்லை. நீண்ட பிடியின் முனையில் வட்டத் தட்டுகள் கொண்ட இரும்பு அச்சுகளை வரிசையாக நெருப்பின்மேல் வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிச் சுடுவது அங்குள்ள முறை.

இந்த உறவை ஆவணங்களோடு நிறுவியவர் கனகாவா பல்கலைக்கழகத்தில் ஜப்பானியத் தின்பண்ட வரலாற்றை ஆராய்ந்த யசுகோ நகமாச்சி. 1980களில் நியூயார்க்கில் ஒரு சீன உணவகத்தில் ஃபார்ச்சூன் குக்கியை முதலில் பார்த்த அவர், 1990களின் பிற்பகுதியில் கியோட்டோ புறத்துக் கடையொன்றில் அதே வடிவத்தைக் கண்டார். அதன்பின் ஆண்டுக்கணக்கில் பழைய நூல்களையும் கடைகளையும் தேடினார். அவர் கண்டெடுத்தவற்றுள் முக்கியமானது 1878ஆம் ஆண்டு நூலொன்றில் உள்ள மரச்செதுக்குப் படம். செம்பே கடை வேலையாள் ஒருவன் பல இரும்பு அச்சுகளை நெருப்பின்மேல் வைத்துச் சுடுகிறான். அருகே ட்சுஜியுரா செம்பே என்று எழுதியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த தமெனகா ஷுன்சுய் என்ற எழுத்தாளரின் புனைகதையிலும் இப்பண்டத்தைப் பற்றிய குறிப்பு வருகிறது. அமெரிக்காவில் இதற்கு உரிமை கோருவோர் எல்லாரும் இந்தச் சான்றுகளுக்குப் பிந்தியவர்கள். எனவே தோற்றம் பற்றிய வழக்கு முடிந்த வழக்கு.

14ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் ஆட்சியை எதிர்த்த சீனர்கள் நிலாப் பணியாரத்துக்குள் இரகசியச் சீட்டு வைத்து அனுப்பினார்கள் என்ற கதையைக் காட்டி, குக்கியைச் சீனத்தோடு முடிச்சுப் போடுவார்கள். அது நிலாப் பணியாரத்தின் கதை, அதுவும் செவிவழிக் கதை. இங்கே அதற்கு இடமில்லை.

கலிபோர்னியாவில்

1894ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் நடந்த குளிர்காலப் பொருட்காட்சிக்காகக் கோல்டன் கேட் பூங்காவில் ஜப்பானியத் தோட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. பொருட்காட்சிக்குப் பின் அதைப் பராமரித்தவர் தோட்டக்கலைஞர் மகோட்டோ ஹகிவாரா. தோட்டத்துத் தேநீர்க் கூடத்தில், தேநீரோடு சீட்டு வைத்த குக்கியையும் அவர் கொடுத்தார். முதலில் கை அச்சுகளில் அங்கேயே சுட்டார்கள். தேவை பெருகியதும் 1906இல் தொடங்கப்பட்ட பென்கியோதோ என்ற இனிப்புக்கடை செய்து தந்தது. அமெரிக்க நாக்குக்கு ஏற்ப மிசோவை விட்டு வெனிலாவையும் வெண்ணெயையும் சேர்த்தவர் தங்கள் முன்னோரே என்பது அக்கடையை நடத்திய ஒக்கமுரா குடும்பத்தாரின் கூற்று. அதை ஏற்பதில் தடையில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஹாங்காங் நூடுல் கம்பெனியை நிறுவிய டேவிட் ஜங் என்ற சீனர் 1918இல் தெருவில் திரிந்த ஏழைகளுக்கு ஆறுதல் வாசகங்களை வைத்துக் கொடுத்தார் என்பது அவர்கள் பெருமை பேசும் கதை. 1903இல் தொடங்கிய ஃபூகெட்சுதோ என்ற ஜப்பானிய இனிப்புக்கடையும் அதே நகரில் உரிமை கோருகிறது. 1983இல் சான்பிரான்சிஸ்கோவின் வரலாற்று மறுஆய்வு நீதிமன்றம், விளையாட்டாகக் கூட்டப்படும் ஒரு போலி நீதிமன்றம், வழக்கை விசாரித்தது. ஹகிவாராவின் பெயரெழுத்துகள் பொறித்த கருத்த இரும்பு அச்சுகள் சான்றாக வைக்கப்பட்டன. தீர்ப்பு, எதிர்பார்த்தபடியே, சான்பிரான்சிஸ்கோவுக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் அத்தீர்ப்பை மதிக்கவில்லை.

கைமாற்றம் நிகழ்ந்தது 1942இல். பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் ஆணையால் மேற்குக் கரையிலிருந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடைகளை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். ஹகிவாரா குடும்பமும் தோட்டத்தை விட்டு வெளியேறியது. ஜப்பானியக் கடைகள் மூடியிருந்த காலத்தில் சீனர்கள் உற்பத்தியை ஏற்றார்கள். பசிபிக் போர்முனையிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வழியாகத் திரும்பிய படைவீரர்கள் அங்குள்ள சீன உணவகங்களில் குக்கியைத் தின்று பழகி, சொந்த ஊருக்குப் போனபின் அங்குள்ள சீன உணவகங்களிலும் கேட்டார்கள். அப்படித்தான் அது நாடு முழுதும் சீனப் பண்டமாகப் பெயரெடுத்தது.

பின்னர் மடிக்கும் இயந்திரங்கள் வந்தன. சான்பிரான்சிஸ்கோவின் லோட்டஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் லூயி அதன் முன்னோடிகளுள் ஒருவர். சீட்டின் அடியில் அதிர்ஷ்ட எண்கள் அச்சிடும் வழக்கமும் சேர்ந்தது. 2005 மார்ச் 30 அன்று நடந்த பவர்பால் லாட்டரிக் குலுக்கலில் இரண்டாம் பரிசுக்கு வழக்கமாக நாலைந்து பேர் தேறுவார்கள் என்ற இடத்தில் 110 பேர் வந்து நின்றார்கள். மோசடி என்று பயந்த அதிகாரிகள் விசாரித்தபோது, வான்டன் ஃபுட் நிறுவனத்தின் குக்கிச் சீட்டு எண்களை வைத்துப் பலர் சீட்டு வாங்கியது தெரிந்தது. ஆறு எண்களில் ஐந்து பலித்தன. பத்திரிகையாளர் ஜெனிஃபர் லீ இந்தச் செய்தியைத் தொடர்ந்து போய் 2008இல் வெளியிட்ட புத்தகத்தில் குக்கியின் வரலாற்றையும் எழுதினார்.

புதுச்சேரித் தொடர்பு

கிழக்காசிய உணவு புதுச்சேரிக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் படைவீரர்களாகவும் அரசு அலுவலர்களாகவும் வியாபாரிகளாகவும் சைகோனுக்குச் சென்றார்கள். திரும்பி வந்த குடும்பங்களோடு நெம் என்ற வியட்நாமியச் சுருள் வந்தது. அது இன்றும் புதுச்சேரி வீட்டு விருந்துகளில் உண்டு. அந்தக் கப்பல்களில் ஃபார்ச்சூன் குக்கி வரவில்லை. வியட்நாமில் அது இருந்தால்தானே வருவதற்கு. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவுக்குக் கைமாறியபின்னும் நெடுங்காலம் இங்கே அது தெரியாத பண்டமே. இந்தியச் சீன உணவகங்கள் கொல்கத்தாச் சீனரின் வழியில் வளர்ந்தவை. அங்கே சாப்பாடு தர்சான் என்ற தேன் நூடுல்ஸோடும் ஐஸ்கிரீமோடும் முடியும். பில்லோடு வருவது சோம்பும் கல்கண்டும். குக்கி இங்கு வந்தது ஹாலிவுட் படங்கள், அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரின் பெட்டிகள், கைபேசி வீடியோக்கள் ஆகியவற்றின் வழியாகத்தான்.

செய்முறை

ஏறத்தாழ ஒரு டஜன் குக்கிக்கு வேண்டியவை: 2 முட்டையின் வெள்ளைக்கரு, 100 கிராம் சர்க்கரைத் தூள், 60 கிராம் மைதா, 3 மேசைக்கரண்டி உருக்கிய உப்பில்லா வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், அரைத் தேக்கரண்டி வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெய்க்குப் பதில் வாசனையற்ற எண்ணெய் ஊற்றலாம். நெய் ஊற்றினால் மணம் வெனிலாவை அமுக்கிவிடும். அப்போது வெனிலாவை விட்டு ஏலக்காய் போடுவதே சரி.

வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரை லேசாக எழும்வரை மட்டும் கலக்க வேண்டும். கேக்குக்கு அடிப்பதுபோல் அடித்தால் காற்று ஏறி, தகடு கொப்புளமிடும். பிறகு மற்றவற்றைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து அரைமணி நேரம் ஊறவிட வேண்டும். பதம், கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் நீர்த்த தோசைமாவுப் பதம்.

தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான மாவை ஊற்றிக் கரண்டியின் அடிப்பக்கத்தால் 8 சென்டிமீட்டர் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவும் ஓரமும் ஒரே கனமாக இருப்பது முக்கியம். முன்கூட்டியே சூடேற்றிய ஓடிஜியில் 160 டிகிரி செல்சியஸில் 9 முதல் 12 நிமிடம். ஓரம் ஒரு விரல் அகலத்துக்குப் பொன்னிறமாகி, நடு வெளிறியே இருக்கும்போது எடுத்துவிட வேண்டும். ஒரு தட்டில் இரண்டு, மிஞ்சினால் மூன்றுக்குமேல் ஊற்றக் கூடாது. வேகும் நேரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். மடிக்கும் கை ஒன்றுதானே.

அடுப்பிலிருந்து எடுத்த கணத்திலிருந்து மடிப்பதற்குக் கிடைப்பது சுமார் 10 முதல் 15 விநாடி. தகட்டைக் கவிழ்த்து, நடுவே சீட்டை வைத்து, அரைவட்டமாக மடித்து ஓரத்தை மெல்ல அமுக்க வேண்டும். உடனே அந்த அரைவட்டத்தின் நேரான பக்கத்தின் நடுவை ஒரு டம்ளர் விளிம்பில் வைத்து இரு முனைகளையும் கீழே இழுத்தால் குக்கியின் வடிவம் வந்துவிடும். விரிந்துவிடாதிருக்கக் கப்கேக் குழித்தட்டின் குழியிலோ சிறு கிண்ணத்திலோ வைத்து ஆறவிட வேண்டும். இந்த வேலை நடக்கும்போது மின்விசிறி ஓடக் கூடாது; புழுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் விசிறிக் காற்றில் தகடு ஐந்து விநாடியில் விறைத்துப் போகும். பருத்திக் கையுறை நல்லது. இறுகிவிட்ட தகட்டை ஒரு நிமிடம் மறுபடி சூட்டில் வைத்தால் இளகிக் கொடுக்கும்.

காரணம் சர்க்கரை. சூட்டில் உருகிய சர்க்கரை தகடு முழுதும் பரவி அதை ரப்பர்போல் வளையவிடுகிறது. ஆறியதும் கண்ணாடிபோல் இறுகி, மடித்த வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்கிறது. உடம்புக்கு ஆகாது என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைப்பவர்கள், மடிக்கும்போது தகடு நடுவில் வெடிப்பதைப் பார்த்துவிட்டு மைதாவைக் குறை சொல்வார்கள். முட்டை சேர்க்காதவர்கள் பாலும் சோளமாவும் கொண்டு செய்கிறார்கள். தகடு வரும், ஆனால் மடிப்பில் உறுதி குறைவு.

ஓடிஜி இல்லாத வீட்டில் நான்ஸ்டிக் தோசைக்கல் போதும். மிகச் சிறு தீயில், எண்ணெய் தடவாமல், இருபுறமும் இரண்டு மூன்று நிமிடம் சுட வேண்டும். ஒவ்வொன்றாகத்தான் சுட முடியும் என்பதால் மடிப்பதற்கு அவசரம் குறைகிறது. பழைய ஜப்பானிய முறைக்கு இதுவே நெருக்கமானது.

பத்திரப்படுத்துவதுதான் புதுச்சேரியில் பெரும்பாடு. கடற்காற்றின் ஈரத்தைச் சர்க்கரை உறிஞ்சியதும் கண்ணாடி இறுக்கம் தளர்ந்து குக்கி நமத்துப்போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான அடைமழைக் காலத்தில் திறந்துவைத்த தட்டு ஒரு மாலைக்குள் வீணாகும். கிறிஸ்துமஸ் பலகாரம் செய்வதும் அந்தக் காலத்தில்தான். மடித்த குக்கிகளை 100 டிகிரியில் ஐந்து நிமிடம் உலர்த்தி, முழுதும் ஆறியபின் இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் சம்படத்தில் அடைக்க வேண்டும்.

சீட்டு

சீட்டு 6 சென்டிமீட்டர் நீளம், ஒன்றேகால் சென்டிமீட்டர் அகலம் இருந்தால் போதும். அடுப்புக்குப் பிறகே வைப்பதால் தாள் கருகாது, ஆனால் வெண்ணெய் ஊறும். செய்தித்தாளை வெட்டிச் செருகக் கூடாது. அச்சு மை உணவில் ஏறும் என்பதால் செய்தித்தாளில் உணவைப் பொதிவதற்கு எதிராக இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இலேயே எச்சரித்துள்ளது. வெள்ளைத்தாளில் பென்சிலால் எழுதுவதே எளிது. பேனா மை எண்ணெயில் பரவி எழுத்தைக் கெடுக்கும். வாசகம் எட்டுச் சொல்லுக்குமேல் போகாமல் இருப்பது நல்லது. பழமொழியும் விடுகதையும் நன்றாகப் பொருந்தும்; ஏழு சீரில் முடியும் குறளும் இரண்டு வரியாக மடக்கி எழுதினால் இடம்கொள்ளும். அமெரிக்க வாசகங்களைத் தமிழாக்கிப் போடுவது வீண் வேலை.

இன்றைய நிலை

அமெரிக்காவில் வான்டன் ஃபுட் நிறுவனம் மட்டும் நாளொன்றுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குக்கிகளைச் செய்கிறது. சான்பிரான்சிஸ்கோ ராஸ் சந்தில் 1962இல் தொடங்கிய சிறு ஆலையில் இன்னும் கையால் மடிக்கிறார்கள். பென்கியோதோ 2022இல் மூடப்பட்டது. புதுச்சேரியில் பிறந்தநாள் விருந்துக்கு இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இப்பண்டம் இங்கே பலருக்குப் பழக்கமில்லாதது. உள்ளே தாள் இருக்கிறது, உடைத்த பிறகே தின்ன வேண்டும் என்பதைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.